மேடையில எட்டு வருஷம், தியேட்டர்ல 602 பவுண்ட்: ரன் ஃபார் யுவர் வைஃப் படம் ஏன் நிக்கல?

லண்டன்ல வருஷக்கணக்கா ஓடின "ரன் ஃபார் யுவர் வைஃப்" நாடகம், அதை எழுதின ரே கூனியே கூட நின்னு எடுத்தும், படமா வந்தப்ப முதல் வாரக் கடைசில வெறும் 602 பவுண்ட் தான் வசூல் பண்ணுச்சுன்னு படிச்சேன், நெஜமா, நெஜம்னா நாடகமே மட்டமா, இல்லைன்னா படம் எடுத்தவங்க சொதப்பிட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க.

நெஜம் தான். 2013 பிப்ரவரி 14, காதலர் தினத்தன்னைக்கு ஒன்பது தியேட்டர்ல ரிலீஸ், வசூல் 602 பவுண்ட். பட்ஜெட் 9 லட்சம் பவுண்ட், பிரிட்டிஷ் சினிமாவுக்கு அது சின்ன பட்ஜெட்.

ஆனா நாடகம் மட்டம் இல்லங்க. இதுல சிரிப்பு வர்றது வசனத்தால இல்ல, கதையால கூட இல்ல, மேடையைப் போட்டிருக்கிற விதத்தால. அந்த மேடையை எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது ரெண்டு பொண்டாட்டிக்காரன் பொய் சொல்ற கதை, அதை நீங்க நூறு தடவை பாத்திருப்பீங்க. படத்துக்கு நடந்தது அதுதான். கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இந்த நாடகம் எனக்கு ரொம்பப் பிடிக்கும், ஒரு அமெச்சூர் குழு இதைப் போட்டப்ப நான் திரைக்குப் பின்னாடி ப்ராப்ஸ், அதாவது மேடையில வேணும்கிற சாமான்களைப் பாத்துக்கிட்டேன்.

கதை இது. ஜான் ஸ்மித் ஒரு டாக்ஸி டிரைவர். விம்பிள்டன்ல மேரின்னு ஒரு பொண்டாட்டி, ஸ்ட்ரெட்டம்ல பார்பரான்னு இன்னொரு பொண்டாட்டி, ரெண்டுமே தெற்கு லண்டன் தான், ரொம்ப தூரம் இல்ல. டாக்ஸி ஷிஃப்ட்டை சாக்கா வெச்சு நிமிஷக் கணக்குல டைம் டேபிள் போட்டு ரெண்டு வீட்டையும் ஓட்டிட்டிருக்கான். ஒரு நாள் ராத்திரி வழிப்பறில மாட்டின ஒருத்தரைக் காப்பாத்தப் போயி மண்டைல அடி. ஆஸ்பத்திரில ஒரு அட்ரஸ், போலீஸ்ல இன்னொரு அட்ரஸ் பதிவாயிடுது. நல்லது செய்யப் போனதால தான் மாட்டுறான், அது முக்கியம். ராத்திரி புருஷன் வரலைன்னு ரெண்டு பேரும் பதறிப் போயி போன் பண்றதுல நாடகம் ஆரம்பிக்குது. அப்புறம் விம்பிள்டன் ஸ்டேஷன்லேருந்து ட்ரௌட்டன்னு ஒரு டிடெக்டிவ், ஸ்ட்ரெட்டம் ஸ்டேஷன்லேருந்து போர்ட்டர்ஹவுஸ்னு ஒரு டிடெக்டிவ், ரெண்டு பேரும் விசாரிக்க வர்றாங்க. ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய், அந்த ஒன்பதை மறைக்க மாடி வீட்டு ஸ்டான்லி கார்ட்னர், பாவம் அந்த மனுஷன் ஒரு தப்பும் பண்ணாதவன், அவன் தலையில தான் பாதி பாரமும் விழுது.

இப்ப மேடைக்கு வர்றேன். விம்பிள்டன் வீட்டுக்கு ஒரு செட், ஸ்ட்ரெட்டம் வீட்டுக்கு ஒரு செட்னு இங்க கிடையாது. ஒரே ஹால், அதுவே ரெண்டு வீடும். ஒரே நேரத்துல. மேரி இந்தக் கதவு வழியா வந்து உக்காருவாங்க, பார்பரா அந்தக் கதவு வழியா வந்து அவங்க பக்கத்துலயே உக்காருவாங்க, ஒருத்தரை ஒருத்தர் பாக்க மாட்டாங்க, ஏன்னா கதைப்படி ரெண்டு பேரும் வேற வேற வீட்டுல இருக்காங்க. நாங்க போட்டப்ப சோஃபாவுல பாதிக்கு ஒரு துணி, பாதிக்கு இன்னொரு துணி விரிச்சிருந்தோம். ஆரம்பத்துல ரெண்டு பொண்டாட்டிங்களும் ஆளுக்கு ஒரு போனைக் கையில வெச்சுக்கிட்டு ஒரே மாதிரி பதட்டத்தோட ஒரே மேடையில நின்னு பேசுறப்பவே, யாரும் ஒரு ஜோக்கும் சொல்லாம, ஹால்ல சிரிப்பு கெளம்பிடும். மொத்த விஷயமும் பாக்குறவங்களுக்கு ஒரு நொடியில புரிஞ்சிடுது, மேடையில இருக்கிற யாருக்கும் எதுவும் தெரியாது.

அந்த வித்தியாசம் தான் எல்லாமே. நம்ம எல்லாத்தையும் பாத்துட்டிருக்கோம், ஜான் தன்னோட கண்ணுக்கு முன்னாடி இருக்கிறதை மட்டும் பாக்குறான். ஜான் மேரிகிட்ட வாய் கூசாம பொய் சொல்லிட்டிருக்கிறப்ப, நம்ம கண்ணு தானா நாலடி தள்ளி நிக்கிற பார்பரா மேல போகும், அவங்க போனை எடுக்கப் போறாங்க, அய்யோ எடுக்காதீங்கன்னு மனசு அடிச்சுக்கும். யாரும் நம்மளை அந்தப் பக்கம் திரும்பிப் பாருன்னு சொல்லல, நாமளே திரும்புறோம், நாமளே கண்டுபிடிக்கிறோம். அந்த சிரிப்புக்கு பலம் ஜாஸ்தி.

டைமிங் எவ்ளோ நுணுக்கம்னா, போன் மணி அடிக்கிற வேலை எங்கிட்ட இருந்துச்சு, ஒரு ஷோல ஒரே ஒரு நொடி லேட்டா அடிச்சேன், அந்த எடத்துல முந்தின நாள் ஹாலே அதிர்ந்த சிரிப்பு அன்னைக்கு சுத்தமா வரல. அதே வசனம், அதே நடிகர். அந்த நொடில பாக்குறவங்க மூச்சு விட்டுட்டாங்க, அவ்வளவு தான்.

கூனிக்கு இந்த வித்தை சும்மா வரல. 1950கள்ல ஒயிட்ஹால் தியேட்டர்ல பிரையன் ரிக்ஸ் நடத்தின கம்பெனில நடிகரா இருந்தவர். ரிக்ஸோட நாடகங்க எல்லாமே கதவு திறக்குறது, மூடுறது, ஆள் மாறுறது, தப்பான நேரத்துல தப்பான ஆள் உள்ள வர்றதுன்னு போற ரகம், இங்கிலீஷ்காரங்க ஃபார்ஸ்னு சொல்றது இதைத் தான். செட் செலவு கம்மி, ஒரு ரூம், ஆறேழு கதவு, பத்து பேருக்குள்ள நடிகருங்க, ஆனா உழைப்பு பேய் உழைப்பு. அங்க தினமும் ராத்திரி மேடையில நின்னு எந்த எடத்துல சிரிப்பு வருது, எந்த எடத்துல வரலைன்னு காதால கத்துக்கிட்டு 1961ல டோனி ஹில்டனோட சேர்ந்து முதல் நாடகம் எழுதினார். "ரன் ஃபார் யுவர் வைஃப்" கூட நேரா லண்டனுக்கு வரல, 1982ல லண்டனுக்கு வெளிய கில்ட்ஃபோர்டுல போட்டுப் பாத்துட்டு தான் 1983ல ஷாஃப்ட்ஸ்பரி தியேட்டருக்கு வந்துச்சு. லண்டன்ல முதல் ஜான் ஸ்மித் ரிச்சர்ட் பிரையர்ஸ், முதல் ஸ்டான்லி பெர்னார்ட் கிரிபின்ஸ். அப்புறம் தியேட்டர் மாறி, நடிகருங்க மாறி மாறி, 1991 வரைக்கும் ஓடுச்சு. நியூயார்க்ல மட்டும் எடுபடல, 1989ல கூனியே ஜான் ஸ்மித்தா நடிச்சும் ரெண்டு மாசம் கூட தாங்கல. அதனால இது எங்க போட்டாலும் ஜெயிக்கிற நாடகம்னு நான் சொல்ல வரல.

கூனி பல எடத்துல சொல்ற ஒரு விஷயம், ஃபார்ஸ் காமெடியை விட சோகக் கதைக்குத் தான் பக்கத்துல இருக்குன்னு. ரொம்ப உண்மை. ஜானோட நெலமையை யோசிங்க, அவனுக்கு வாழ்க்கையே போகப் போகுது, அவன் ஜோக் அடிக்கல, உயிரைக் காப்பாத்திக்க ஓடுறான். அதே மாதிரி இவர் நாடகங்கள்ல கதை நேரமும் கடிகார நேரமும் ஒண்ணு தான், "மறுநாள் காலையில"ன்னு ஒரு இருட்டு விழாது, இடைவேளை முடிஞ்சா விட்ட எடத்துலேருந்தே தொடரும். யோசிக்க டைம் குடுத்தா ஜான் நல்ல பொய்யா ஒண்ணு சொல்லிடுவான், டைம் இல்லாததால தான் வாய்க்கு வந்த கேவலமான பொய்யை சொல்லி இன்னும் ஆழமா மாட்டுறான்.

இப்ப படம். கூனியும் ஜான் லூட்டனும் சேர்ந்து டைரக்ட் பண்ணாங்க. ஜான் ஸ்மித்தா டேனி டையர், நண்பனா நீல் மாரிசி, பொண்டாட்டிங்களா டெனிஸ் வான் அவுட்டனும், கேர்ள்ஸ் அலவுட் பாட்டுக் குழுவுல இருந்த சாரா ஹார்டிங்கும். பேரெல்லாம் மாத்திட்டாங்க, மேரி, பார்பரா போயி மிஷெல், ஸ்டெஃபனின்னு ஆச்சு. யாரும் சும்மா வந்துட்டுப் போன மாதிரி எனக்குத் தெரியல, டேனி டையர் நல்ல நடிகர், டாக்ஸி டிரைவர் வேஷத்துக்கு அந்த லண்டன் பேச்சு அப்படியே பொருந்துது.

மொதல் அடி, மேடையில இருந்த அந்த ஒரே ஹால் படத்துல ரெண்டு வீடா பிரிஞ்சது. வேற வழியும் இல்ல, கேமரா முன்னாடி ஒரு வீடுன்னா ஒரு வீடு தான், சினிமா பாக்குற கண்ணு அப்படித் தான் பழகியிருக்கு. ஒரு வீட்டைக் காட்டுறாங்க, கட் பண்ணி இன்னொரு வீட்டைக் காட்டுறாங்க. முதல் வீட்டுல ஜான் பொய் சொல்றப்ப ரெண்டாவது வீடு நம்ம கண்ணுல இல்ல, அதனால பயமும் இல்ல. எங்க பாக்கணும்னு எடிட்டர் முடிவு பண்ணிட்டார், நாம கண்டுபிடிக்க ஒண்ணும் மிச்சம் இல்ல.

ரெண்டாவது, தெருவுக்கு வந்துட்டாங்க. மேடை நாடகத்தைப் படமாக்குறவங்க எல்லாருக்கும் ஒரு பயம் உண்டு, ரூமுக்குள்ளயே இருந்தா நாடகம் மாதிரி தெரியும்னு, அதனால வெளிய கூட்டிட்டுப் போவாங்க. லண்டன் ரோடு, டாக்ஸி, வழியில பிரபலங்க ஒவ்வொருத்தரா முகம் காட்டுறாங்க, ஜூடி டென்ச் கூட தெருவுல திரியுற கெழவியா வர்றாங்க. பிரையர்ஸும் கிரிபின்ஸும் கூட ரெண்டு குட்டி வேஷத்துல வர்றாங்க, அது பாசத்தோட பண்ணது, எனக்கு அதைப் பாக்கப் பிடிச்சிருந்துச்சு. ஆனா ஜான் கதவு அடைச்ச ஒரு ரூம்ல மாட்டுன எலியா இருக்கிற வரைக்கும் தான் இந்தக் கதைக்கு உயிர். அவனை வெளிய ரோட்டுல டாக்ஸி ஓட்டிட்டுப் போக விட்டா அவனுக்கும் மூச்சு விட டைம் கெடைக்குது, நமக்கும் கெடைக்குது, அந்த மூச்சுல "இவன் ஏன் இப்படிப் பண்றான், உண்மையை சொல்லிட்டுப் போக வேண்டியது தானே"ன்னு ஒரு கேள்வி வந்துடும். மேடையில ஒரு நிமிஷம் கூட அந்தக் கேள்வி வர விட மாட்டாங்க.

மூணாவது க்ளோஸப். மேடையில ஒருத்தன் பதறுறதை நீங்க தலையிலேருந்து கால் வரைக்கும் பாக்குறீங்க, கால் ஒரு பக்கம் ஓடப் பாக்குது, கை போனை மறைக்குது, வாய் வேற எதையோ சொல்லுது, சிரிப்பு அந்த மொத்த உடம்புல இருக்கு. முகத்தை மட்டும் திரை நெறைய காட்டினா அது வேர்த்து விறுவிறுத்துப் போன ஒரு மனுஷனோட முகம், பாவமா தான் இருக்கும். அதோட, மேடை நடிகர் முப்பதாவது வரிசை வரைக்கும் போய்ச் சேரணும்னு பெருசா பண்றதை கேமரா பக்கத்துல வெச்சுப் பண்ணா கத்துற மாதிரி இருக்கும்.

காலமும் ஒத்துழைக்கல. 1983ல வீட்டுக்கு ஒரு போன், யார் எடுப்பாங்கன்னு தெரியாது, அதை வெச்சே பாதி நாடகம் ஓடுது. எல்லார் பாக்கெட்லயும் மொபைல் வந்தப்புறம் புருஷனுக்கு நேரா போன் போட்டா கதை பத்து நிமிஷம் தான். இதைவிடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு. நாடகத்துல ஜானும் ஸ்டான்லியும் போலீஸ்கிட்டேருந்து தப்பிக்க சொல்ற பொய்கள்ல ஒண்ணு, ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஜோடின்னு. ஸ்ட்ரெட்டம் மாடி வீட்டுல பாபின்னு ஒரு கே ஆள், அவரை வெச்சும் நெறைய கேலி. 1983ல அதுக்கு ஹாலே சிரிச்சுது. படம் ரிலீஸ் ஆகறதுக்கு ஒன்பது நாள் முன்னாடி, 2013 பிப்ரவரி 5, பிரிட்டிஷ் பார்லிமென்ட்ல ஒரே பாலினத் திருமண மசோதா 400க்கு 175ன்னு ஓட்டெடுப்புல ஜெயிச்சுது. அந்த சமயத்துல அந்த ஜோக்கோட ஒரு படம் வந்தா எப்படி இருக்கும்? விமர்சகருங்க காட்டமா எழுதினதுல எனக்கு ஆச்சரியம் இல்ல, அந்த எடத்துல அவங்க சொன்னது சரி தான். நாடகமா போடுறவங்களும் அந்தப் பகுதியை இப்ப யோசிச்சுத் தான் போடணும்.

602க்கு திரும்ப வர்றேன், ஏன்னா அந்த நம்பரை எல்லாரும் படம் எவ்ளோ மோசம்னு சொல்ல மட்டும் தான் யூஸ் பண்றாங்க. டிக்கெட் ஏழெட்டு பவுண்ட்னு வெச்சா நாடு முழுக்க எழுபத்தஞ்சுலேருந்து எண்பத்தஞ்சு பேர். ஒன்பது தியேட்டருக்குப் பிரிச்சா தியேட்டருக்கு எட்டு ஒன்பது பேர், அதுவும் ஒரு ஷோல இல்ல, வாரக் கடைசி மொத்தத்துக்கும். அப்படின்னா ஒரு நாளைக்கு ஒரே ஷோன்னு வெச்சா கூட ஒரு ஷோல ரெண்டு மூணு பேர் தான் உக்காந்திருப்பாங்க. ஃபார்ஸ் ரெண்டு பேர் உக்காந்து பாக்குற சமாச்சாரமே இல்லங்க. மேடையில நடிகர் சிரிப்பு அடங்குற வரைக்கும் காத்திருப்பார், முழுசா அடங்கறதுக்கு ஒரு துளி முன்னாடி அடுத்ததை எடுத்து விடுவார், அப்படித் தான் சிரிப்பு மேல சிரிப்பா ஏறும், முதல் அரை மணி நேரத்துல லேசா சிரிச்சவங்க கடைசில மூச்சு முட்டி அழுவாங்க. படத்துல அந்த இடைவெளியை எடிட்டிங் டேபிள்லயே முடிவு பண்ணியாச்சு, தியேட்டர்ல இருக்கிறது மூணு பேரோ முந்நூறு பேரோ மாறாது. காலி ஹால்ல அந்த இடைவெளி வெறும் மௌனமா கேக்கும். ஒன்பது தியேட்டர்ல மட்டும் போட்டதால கூட்டம் வரல, கூட்டம் வராததால வந்தவங்களுக்கும் சிரிப்பு வரல. அந்த வாரக் கடைசியில இன்னொண்ணும் நடந்துச்சு, ஞாயித்துக்கிழமை, பிப்ரவரி 17, லண்டன் மேடையோட முதல் ஜான் ஸ்மித் ரிச்சர்ட் பிரையர்ஸ் இறந்து போனார்.

இந்தச் சிக்கல் கூனிக்குத் தெரியாதுன்னு நெனைக்காதீங்க. இந்தப் படத்துக்கு நாப்பது வருஷம் முன்னாடி, 1973ல, தன்னோட "நாட் நவ் டார்லிங்" நாடகத்தை டேவிட் க்ராஃப்டோட சேர்ந்து படமாக்கினப்ப மல்ட்டிவிஸ்டான்னு ஒரு முறையைப் புடிச்சார், பல கேமராவை ஒரே நேரத்துல ஓட விட்டு டிவி ஸ்டூடியோ மாதிரி எடுக்குறது. நடிகருங்க நிறுத்தாம நடிக்கலாம், ஓட்டம் அறுபடாது, செலவும் கம்மி. லெஸ்லி ஃபிலிப்ஸும் கூனியும் அதுல ஜோடியா ஓடுற ஓட்டம் இன்னைக்கும் பாக்கலாம், ஓட்டம் நல்லாவே இருக்கு, ஆனா சிரிக்க ஹால் இல்ல.

மைக்கேல் ஃப்ரெய்ன்னு இன்னொரு இங்கிலீஷ் நாடகாசிரியரோட "நாய்ஸஸ் ஆஃப்" கதையும் இதே தான். 1970ல தான் எழுதின நாடகத்தை மேடை ஓரத்துலேருந்து பாத்தப்ப முன்னாடி நடக்குறதை விட பின்னாடி நடக்குறது சிரிப்பா இருக்கேன்னு தோணி எழுதினது, ரெண்டாவது அங்கத்துல செட்டையே திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டுவாங்க. 1982ல லண்டன்ல பிரமாதமா போச்சு. 1992ல பீட்டர் போக்டனோவிச் மைக்கேல் கேன், கரோல் பர்னெட், கிறிஸ்டோபர் ரீவ்னு பெரிய ஆளுங்களை வெச்சு நல்ல பட்ஜெட்ல எடுத்தும் பெருசா ஓடல. ஒரே நேரத்துல ஏழெட்டு பேர் பேசாம சண்டை போடுறதுல எதைக் காட்டுறதுன்னு கேமரா தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கு, ஒண்ணைத் தேர்ந்தெடுத்தா ஆறு போச்சு. அதனால காசு இல்லாதது தான் காரணம்னு சொல்றதை நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா முடியவே முடியாதுன்னும் இல்ல. கூனியோட இன்னொரு நாடகம் "அவுட் ஆஃப் ஆர்டர்", 1991ல லண்டன் நாடகங்களுக்குக் குடுக்கிற ஒலிவியர் விருது வாங்கினது, ஹங்கேரில 1997ல ஆந்த்ராஷ் கேர்னும் ரோபெர்ட் கோல்தாயும் அதைப் படமா எடுத்தாங்க, அங்க செம ஹிட். அமைச்சர், ஹோட்டல் ரூம், ஜன்னல்ல ஒரு ஆள் பொணம் மாதிரி தொங்குறார், அவ்ளோ தான். அந்தக் கதைக்கு ஒரே எடம் போதும், ரெண்டு வீட்டை ஒரே நேரத்துல காட்ட வேண்டிய கட்டாயம் இல்ல, அதனால கேமராவுக்குள்ள அடங்குது. "ஃபால்ட்டி டவர்ஸ்"னு அந்த டிவி காமெடித் தொடர் ஏன் இன்னைக்கும் நிக்குது? மொத்தம் 12 எபிசோட் தான், ஒரு ஹோட்டல் வரவேற்பறை, மாடிப்படி, கிச்சன் கதவு, எதிர்ல ஸ்டூடியோல நெஜமான ஆளுங்க உக்காந்து சிரிக்கிறாங்க, ஜான் க்ளீஸ் அந்த சிரிப்பைக் கேட்டு நடிக்கிறார். பிரையன் ரிக்ஸும் 1952லேருந்தே ஒயிட்ஹால் நாடகங்களை பிபிசில அப்படித் தான் காட்டினார், தியேட்டர்ல கூட்டத்தை வெச்சு நேரடியா.

நான் மட்டும் "ரன் ஃபார் யுவர் வைஃப்"பை எடுக்குறதா இருந்தா அந்த ஒரே ஹாலை அப்படியே போட்டு, ஆளுங்களை உக்கார வெச்சு, கேமராவைத் தள்ளி வெச்சு எடுத்திருப்பேன். அது சினிமா இல்லைன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும்.

படத்தைப் பாக்கலாமான்னு நீங்க கேக்கல, இருந்தாலும் சொல்றேன், நாடகத்தைப் பாக்காம படத்தைப் பாக்காதீங்க. இங்கிலாந்துல இருந்தீங்கன்னா ஏதாவது ஒரு ஊர் அமெச்சூர் குழு கூனி நாடகம் போட்டுட்டே தான் இருப்பாங்க, சர்ச் ஹால்ல, ஸ்கூல் ஹால்ல. சனிக்கிழமை ராத்திரி ஷோவுக்குப் போங்க, அன்னைக்குத் தான் ஹால் நெறையும். முதல் வரிசை வேண்டாம், மேடையோட ரெண்டு ஓரமும் கழுத்தைத் திருப்பாம தெரியுற மாதிரி நடுவுல உக்காருங்க. மேரியும் பார்பராவும் ஆளுக்கு ஒரு போனை எடுக்குறப்ப எல்லாரும் பேசுறவங்களைப் பாப்பாங்க, நீங்க பேசாதவங்களைப் பாருங்க.